என் நெல்லிப் பானமும் மதுஷிகாவின் கையெழுத்தும்

மாத்தளையில் நெல்லிப் பானம் என்றால் என் பெயர்தான். இதைச் சொல்ல எனக்கு ஒரு வெட்கமும் இல்லை. ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். பதினொரு வயதில் ஒரு சோடாக் கம்பெனியில் போத்தல் கழுவப் போனேன். இன்று எழுபத்தொரு வயது. பதினெட்டுப் பேர் வேலை செய்கிற சொந்தத் தொழிற்சாலை, இரண்டு லொறி. யட்டவத்தையிலிருந்து வில்கமுவ வரை என் போத்தல் இல்லாத கடை கிடையாது. யாரும் தூக்கிக் கொடுத்து வந்ததல்ல. பஸ் நிலையத்தில் நின்று ஹாஷிம் ஹாஜியார் வீடு எது என்று கேட்டுப் பாருங்கள், நாலு பேர் கையை நீட்டுவார்கள்.

நான் எழுத உட்கார்ந்தது மதுஷிகாவைப் பற்றி. என்னைப் பற்றி எழுத ஆட்கள் இருக்கிறார்கள். அவளைப் பற்றி எழுத யாரும் இல்லை, அதனால் நானே எழுதுகிறேன். எழுத்தில் பிழை இருந்தால் அச்சுக்காரர் திருத்திக்கொள்ளட்டும். விஷயத்தில் பிழை இராது.

மதுஷிகா எல்கடுவைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில், மேல் டிவிசன் லயத்து வரிசை வீட்டில் பிறந்தவள். தாய் சூசையம்மா இன்றைக்கும் கொழுந்து பறிக்கிறார். தகப்பன் அவளுடைய சின்ன வயதிலேயே போய்ச் சேர்ந்துவிட்டார். பிள்ளை உயர்தர வகுப்பில் இரசாயனம் படித்தாள். அவள் படித்த இடத்தில் நாற்பது பேருக்கு ஒரே ஒரு அளவி. அளவி என்பது துளித்துளியாக ஊற்றி அளக்கிற நீளமான கண்ணாடிக் குழாய். அதன் திருகும் ஒழுகுமாம். மற்றப் பிள்ளைகள் அளவியின் படத்தைக் கொப்பியில் கீறிப் படித்தார்கள். இவள் ஒழுகுகிற திருகுக்கு வசலின் பூசிப் பூசி, வாத்தியாரிடம் ஏச்சு வாங்கி, ஒழுகாமல் ஆக்கினாளாம். பல்கலைக்கழகக் கெம்பஸுக்குப் போகக் கொஞ்சம் புள்ளி குறைந்துபோனது. அழுதுகொண்டு வீட்டில் இருக்கவில்லை. மாத்தளை டவுனில் தம்புள்ளை வீதியில் ஒரு தனியார் ஆய்வுகூடம் இருக்கிறது. அங்கே கண்ணாடிச் சாமான் கழுவப் போனாள்.

இதைக் கேட்டபோதுதான் எனக்கு அவள்மேல் ஒரு பிடிப்பு வந்தது. போத்தல் கழுவி மேலே வந்தவனுக்கு, இன்னொரு போத்தல் கழுவினவளைத் தெரியும். கழுவின கண்ணாடியில் தண்ணீர் துளித்துளியாக நின்றால் அழுக்கு இருக்கிறது. ஒரே விரிப்பாக வழிந்தால் சுத்தம். எனக்கு இதை அந்தக் காலத்து மேஸ்திரி காதைத் திருகிச் சொன்னார். அவள் தானே பார்த்துத் தெரிந்துகொண்டாளாம்.

நான்கு வருடம் கழுவினாள். சனி, ஞாயிறு கண்டிக்கு பஸ் ஏறி டிப்ளோமா படித்தாள். சூசையம்மாவுக்கு அதில் பெரிய மனக்குறை. "ஞாயித்துக்கெழம பூசைக்குப் போகாம அப்புடி என்னா படிப்பு?" என்று கேட்பாராம். சனிக்கிழமை மாலைப் பூசைக்குப் போகிறேன் என்று சொல்லித் தாயைச் சமாளித்திருக்கிறாள். படிப்பு முடிந்ததும் அவளைச் சோதிக்கிற மெசினில் உட்கார வைத்தார்கள். அதற்குப் பிறகு ஐந்து வருடம். மாவட்டத்தில் விற்கிற சோடா, ஜூஸ், பால் பக்கெட் எல்லாவற்றையும் அவள்தான் சோதித்தாள். ஆனால் அறிக்கையின் அடியில் "அங்கீகரித்தவர்" என்று ஒரு கோடு இருக்கிறதே, அங்கே கையெழுத்து வைப்பது பொறுப்பாளர் நடராஜா. அந்தக் கோட்டில் கையெழுத்து வைக்கும் உரிமைக்கு அவள் விண்ணப்பித்திருந்தாள். அடுத்த மாதம் கொழும்பிலிருந்து மதிப்பீட்டாளர்கள் வந்து முடிவு சொல்வார்கள் என்று இருந்தது.

அந்த நேரம் பார்த்துத்தான் என் போத்தல் அவள் மேசைக்குப் போனது.

நடந்தது இதுதான். கண்டியில் தலைமைக் கந்தோர் உள்ள பெரிய கடைக்காரர்கள் என் நெல்லிப் பானத்தைத் தங்கள் நாற்பது கடைகளிலும் வைக்கக் கேட்டார்கள். என் லேபலில் மூன்று மொழியிலும் "செயற்கை இனிப்பு சேர்க்கப்படவில்லை" என்று பெரிதாக அடித்திருக்கிறேன். அது உண்மை என்று ஆய்வுகூடத்துத் தாள் ஒன்று வேண்டும் என்றார்கள். நான் சிரித்தேன். "ஒரு போத்தல் என்ன, ஒரு பெட்டியே அனுப்புறேன், குடிச்சிக் குடிச்சிச் சோதிக்கட்டும்" என்றேன்.

ஆய்வுகூடத்தில் ஒரு படிவம் தந்தார்கள். பானத்தில் என்னென்ன சேர்க்கிறீர்கள் என்று எழுத வேண்டும். நெல்லி, சீனி, தண்ணீர், எலுமிச்சம் சாறு என்று நாலு எழுதினேன். ஐந்தாவது ஒன்றும் இருந்தது. கடுக்காய். சிங்களத்தில் அரளு என்பார்களே, அது. அதை அவித்து எடுத்த தண்ணீரை ஓர் அளவு பார்த்துக் கலந்தால், பானம் குடித்த பிறகு வாயில் நல்ல ஒரு தித்திப்பு நிற்கும். பிறகு பச்சைத் தண்ணீர் குடித்தாலும் இனிக்கும். எண்பத்தேழாம் ஆண்டு, மூன்று மாதம் தலையை உடைத்து நானே கண்டுபிடித்தது. ஒரு டொக்டரும் சொல்லித் தரவில்லை. அன்றிலிருந்து விடிகாலை ஸுபஹ் தொழுதுவிட்டு வந்து, வேலையாட்கள் வருவதற்கு முன்னால் நானே தனியாக அவிப்பேன். சக்கையை அடுப்பிலேயே எரித்துவிடுவேன். என் மகன் ஸுஹைலுக்குக்கூடத் தெரியாது. என் மனைவி றஸ்மியாவுக்கு மட்டும் தெரியும், அதுவும் மணத்தை வைத்து அவளாகப் பிடித்தது. இப்படிக் காத்ததை ஒரு படிவத்தில் எழுதுவேனா? எழுதவில்லை.

பத்தாம் நாள் அறிக்கை வந்தது. என் பானத்தில் அசெசல்பேம் என்ற செயற்கை இனிப்பு, லீட்டருக்கு நூற்றுப் பத்து மில்லிகிராம்.

அந்தப் பெயரை வாயில் கொண்டுவர எனக்கு இரண்டு நாள் எடுத்தது. அதைப் போட்டேன் என்கிறார்கள்! கடைக்காரர்கள் பின்வாங்கினார்கள். ஒரு பிரதி சுகாதாரக் கந்தோருக்கும் போனது. பொதுச் சுகாதாரப் பரிசோதகர் சசிக்குமார் மோட்டார் சைக்கிளில் வந்து, களஞ்சியத்தில் இருந்த முந்நூறு பெட்டியையும் எண்ணி, வாசலில் டேப் ஒட்டினார். சின்னப் பிள்ளையிலிருந்து நான் பார்த்த ஆள்.

"சசி, நீ எண்ட பானம் குடிச்சி வளந்தவன்."

"ஆமாங்க ஹாஜியார். அதுக்காகச் சட்டம் மாறுங்களா? கொஞ்சம் தள்ளி நில்லுங்க, டேப் ஒட்டணும்."

"நான் போடல்லடா!"

"அப்ப அத எழுத்துல காட்டுங்க. பதினாலு நாள் இருக்கு. இல்லாட்டி கோர்ட்டுல போய்ச் சொல்லணும். பெட்டியெல்லாம் அழிக்கச் சொல்லுவாங்க."

முந்நூறு பெட்டி போனால் மறுபடி செய்துகொள்ளலாம். ஹாஷிம் ஹாஜியார் லேபலில் பொய் எழுதுகிறான் என்று மாத்தளை ஒரு தடவை சொல்லிவிட்டால், அதை எந்தத் தண்ணீர் ஊற்றிக் கழுவுவது?

அன்றைக்கே ஆய்வுகூடத்துக்குப் போனேன். வாசலில் இருந்த பிள்ளை "இருங்க" என்றாள். நான் இருக்கவில்லை. "யார் இந்தத் தாளச் செஞ்சது?" என்று சத்தம் போட்டேன். கண்ணாடிக் கதவைத் திறந்துகொண்டு வெள்ளைக் கோட்டோடு ஒரு மெலிந்த பெண் வந்தாள். கையில் விரல் நீளத்தில் ஒரு குட்டிப் போத்தல். அதை வெளிச்சத்துக்குத் தூக்கிப் பார்த்துவிட்டு வைத்தாள். அந்தத் தூக்கிப் பார்க்கிற கையைப் பார்த்ததும், இவள் கழுவினவள் என்று எனக்குப் பட்டது. ஆனாலும் கோபம் குறையவில்லை.

"நான்தாங்க ஹாஜியார். மதுஷிகா."

"எண்ட பானத்துல அது இல்ல புள்ள. ஐம்பது வருஷத்து நாக்கு சொல்லுது."

"நாக்குக்குத் தெரியாதுங்க. வாங்க, காட்டுறேன்."

பயப்படவில்லை. கண்ணாடிக்கு வெளியே ஒரு கதிரை போட்டு, கணினித் திரையைத் திருப்பி வைத்து விளக்கினாள். பானத்தைத் தண்ணீர் விட்டு ஐதாக்கி, நுண்ணிய வடியால் வடித்து, குட்டிப் போத்தலில் வைக்கிறார்கள். மெசின் அதில் ஒரு துளியிலும் குறைவாக உறிஞ்சி, விரல் மொத்தத்தில் ஒரு இரும்புக் குழாய்க்குள் தள்ளுகிறது. குழாய்க்குள் மாவைவிட மெல்லிய தூள் இறுக்கி அடைத்திருக்கிறது. பின்னால் ஒரு திரவம் பலமாகத் தள்ளிக்கொண்டே போகும். பானத்தில் உள்ள ஒவ்வொரு பொருளும் அந்தத் தூளில் ஒட்டி ஒட்டி, தன் தன் வேகத்தில் நடந்து, தன் தன் நிமிடத்தில் மற்றப் பக்கம் வெளியே வரும். வருகிற இடத்தில் ஒரு விளக்கு. பொருள் வெளிச்சத்தை மறைத்தால் திரையில் ஒரு மலை எழும். எத்தனையாம் நிமிடத்தில் மலை வந்தது என்பதை வைத்து ஆள் யார் என்று சொல்வார்கள். மலையின் பருமனை வைத்து எவ்வளவு என்று சொல்வார்கள்.

"சுத்தமான அசெசல்பேம் மூணே முக்கால் நிமிசத்துல வருது. ஒங்க பானத்துலயும் மூணே முக்கால் நிமிசத்துல மலை. இந்தா பாருங்க."

இரண்டு மலையும் ஒன்றின்மேல் ஒன்று உட்கார்ந்திருந்தன.

"படிவத்துல எழுதினதத் தவிர வேற எதாச்சும் போடுறீங்களா?"

"இல்ல" என்றேன்.

பொய்தான். எழுதிவிட்டேன், இனி மறைக்க ஒன்றும் இல்லை. "எண்ட பேர் இந்த ஊர்ல என்னன்னு ஒனக்குத் தெரியாது புள்ள. ஒண்ட மெசினத் தூக்கிப் போடு" என்று இன்னும் இரண்டு வார்த்தை சொல்லிவிட்டு வந்தேன். நான் சத்தம் போட்ட எத்தனையோ பேர் அழுதிருக்கிறார்கள், சிலர் திருப்பி ஏசியிருக்கிறார்கள். இவள் நான் சொன்னதை ஒரு துண்டில் எழுதிக்கொண்டிருந்தாள். அது என் மனதில் உறுத்தியது.

ஏழாம் நாள், பௌர்ணமிப் போயா லீவு. காலை பத்து மணிக்கு என் வீட்டுக் கேட்டில் த்ரீவீல் வந்து நின்றது. இறங்கினது மதுஷிகா. றஸ்மியா உள்ளே கூப்பிட்டும் வராந்தாவைத் தாண்டி வரவில்லை.

"ஹாஜியார், ஏசுறதா இருந்தா மொதல்ல ஏசிருங்க. அப்புறமா நான் ஒண்ணு கேக்கணும்."

றஸ்மியா சிரித்துவிட்டாள். பிறகு நான் எங்கே ஏசுவது?

அவள் என்ன செய்திருக்கிறாள் தெரியுமா? நான் போட்ட சத்தத்துக்குப் பிறகு யட்டவத்தைச் சந்தையில் ஒரு கிலோ நெல்லி வாங்கி, வீட்டில் சீனி போட்டு அவித்து, அதை வடித்து மெசினில் விட்டிருக்கிறாள். அதே மூணே முக்கால் நிமிடத்தில் ஒரு குட்டி மலை.

"மரத்துல காய்ச்ச நெல்லியில பெக்டரி இனிப்பு எப்புடி வரும்?" என்றாள். "வராது. அப்புடீன்னா அந்த நிமிசத்துல வேற ஒண்ணும் வருது. நிமிசத்த மட்டும் நம்பி நான் பேர் எழுதினது பிழை. சோடாவுக்கும் ஒரேஞ்சுக்கும் எழுதின முறைய நெல்லிக்கு அப்புடியே போட்டுட்டேன்."

"அப்ப எண்ட பானம் சுத்தம்!" என்று நான் எழும்பிவிட்டேன்.

"உக்காருங்க ஹாஜியார். நெல்லியில வந்தது எறும்புப் புத்து. ஒங்க போத்தல்ல வந்தது மலை. பத்துல ஒரு பங்குக்குத்தான் நெல்லி காரணம். மீதி ஒம்பது பங்கு எங்கயிருந்து வந்துச்சு? ஒண்ணு, நீங்க அந்த இனிப்பப் போட்டிருக்கணும். இல்லாட்டி, படிவத்துல எழுதாத எதையோ போட்டிருக்கணும். எதுன்னு சொன்னா சோதிச்சுப் பாக்கலாம். இனிப்புத்தான்னு வந்தா அதையும் அப்புடியே எழுதுவேன்."

என் வீட்டில் நின்று என்னிடம் இப்படிப் பேசினாள். கடுக்காய் என்று சொல்லிவிட்டால் முடிந்தது. அடுத்த தெருவில் யஹ்யா என்று ஒருவன் இருபது வருடமாக நெல்லிப் பானம் செய்து, என் ருசி வராமல் அலைகிறான்.

"அது எண்ட தொழில் புள்ள. சொல்ல ஏலாது."

"சரிங்க" என்றாள். த்ரீவீலில் ஏறுகிற நேரம் திரும்பி, "ஏழு நாள்தான் இருக்குங்க" என்றாள். போய்விட்டாள்.

றஸ்மியா தேத்தண்ணிக் கோப்பையை எடுத்துக்கொண்டே என்னைப் பார்த்தாள்.

"அந்தப் புள்ள, வேல போனாலும் பரவால்லன்னு வந்து, நான் பிழன்னு சொல்லிட்டுப் போகுது. ஒங்களுக்கு ஒரு கடுக்காயச் சொல்ல வாய் வரல்ல. என்ன, அதக் கபுருக் குழிக்கா கொண்டு போகப் போறீங்க?"

நாற்பத்தாறு வருடத்துக்கு முன் நான் கட்டிக்கொண்டவள். பதில் சொல்ல இடம் வைக்காமல்தான் பேசுவாள். ஒரு சாதாரணப் பெண்ணுக்கு இருந்த தைரியம் எனக்கு இல்லையா என்று அன்றைக்கு முழுதும் யோசித்தேன். மாத்தளையில் தைரியத்தில் என்னை மிஞ்சினவர் இல்லை என்று நானே பல கூட்டத்தில் சொல்லியிருக்கிறேன்.

அடுத்த நாள் ஆய்வுகூடம் திறக்கும் முன்னே நான் வாசலில் நின்றேன். கையில் தினசரித் தாளில் சுற்றின ஒரு பொட்டலம். மதுஷிகா பிரித்துப் பார்த்தாள்.

"அரளு!" என்றாள். பிறகு, "லேபல்ல இல்லாம இதப் போட்டதும் பிழதாங்க ஹாஜியார்" என்றாள்.

ஏச வந்தவனுக்கு ஏச்சு. அதையும் வாங்கிக்கொண்டேன்.

நடராஜா வந்தார். நல்ல மனுஷர்தான், ஆனால் பயந்த சுபாவம். விஷயத்தைக் கேட்டதும் முகம் கறுத்தது.

"போன அறிக்க போனதுதான், மதுஷிகா. அடுத்த மாசம் மதிப்பீட்டாளர் வாராங்க. வாபஸ் வாங்கின அறிக்கை ஒண்ணு பைல்ல இருந்தா என்னா நினைப்பாங்க? ஒன்னோட விண்ணப்பமும் அதே மேசையில இருக்கு. யோசி."

"யோசிச்சேன் சேர். சோதிக்கலாமா?"

நடராஜா பேனையைச் சட்டைப் பையில் செருகினார். "சரி. நானும் பக்கத்துல நிக்கிறேன்" என்றார். அதற்காக அவருக்கும் இங்கே ஒரு நன்றி எழுதுகிறேன்.

நான் கண்ணாடிக்கு வெளியே கதிரையில். வில்கமுவ காட்டுப் பக்கத்திலிருந்து எனக்கு வருகிற கடுக்காய் அது. என் சொல்படி அளந்து அவித்து, தண்ணீரை வடித்து மெசினில் வைத்தாள். வெறும் கடுக்காய்த் தண்ணீர். நெல்லியும் இல்லை, சீனியும் இல்லை. மூணே முக்கால் நிமிடம். மலை எழும்பியது பாருங்கள், திரையின் உச்சியை முட்டியது!

நான் கை தட்டினேன். அவள் தட்டவில்லை.

"இது கடுக்காயிலயும் அந்த நிமிசத்துல ஒண்ணு வருதுன்னு மட்டுந்தான் காட்டுது. போத்தல்ல இருக்கிறது கடுக்காயா இனிப்பான்னு இன்னும் தெரியாது. ரெண்டும் சேந்தும் இருக்கலாம்."

நான் போடவில்லை என்று எனக்குத் தெரியும். ஆனால் அந்த மெசின் முன்னால் உட்கார்ந்தால் தெரிந்ததும் தெரியாததாகிவிடுகிறது.

பிறகு அவள் விளக்கை மாற்றினாள். மெசினின் வெளிச்சம் நம் கண்ணுக்குத் தெரியாத ஜாதி. அதில் பல வகை இருக்கிறதாம், ஒவ்வொன்றாகத் திருப்பலாம். அசெசல்பேம் ஒரு வகை வெளிச்சத்தைத்தான் நன்றாக மறைக்கும். மற்ற வகையில் அதன் மலை காணாமல் போகும். கடுக்காயிலும் நெல்லியிலும் உள்ள துவர்ப்புச் சத்து அந்த மற்ற வகையிலும் மறைக்கும். சுத்தமான அசெசல்பேமைப் புது வெளிச்சத்தில் விட்டாள். திரை வயல் மாதிரித் தட்டையாகக் கிடந்தது. என் பானத்தை விட்டாள். மலை அப்படியே நின்றது.

"ஆ!" என்றார் நடராஜா.

அதோடும் விடவில்லை. குழாய்க்குள் தள்ளுகிற திரவத்தில் கொஞ்சம் புளிப்பைக் கூட்டினாள். புளிப்புக் கூடினால் துவர்ப்புச் சத்தின் நடை மாறுமாம், அசெசல்பேமின் நடை மாறாதாம். என் பானத்தில் வேண்டுமென்றே இரண்டு துளி சுத்தமான அசெசல்பேம் கலந்து வைத்தாள். உள்ளே போட்டதைக் கண்டுபிடிக்கிறதா என்று மெசினுக்கே சோதனை. பகல் சாப்பாட்டு நேரம் தாண்டிவிட்டது, யாரும் எழும்பவில்லை. திரையில் ஒரு மலை வந்த இடத்தில் இரண்டு மலை பிரிந்து வந்தன. மூணே முக்கால் நிமிடத்தில் அவள் கலந்த இரண்டு துளி, சின்னதாக. கொஞ்சம் தள்ளி என் கடுக்காய், பெரிதாக. பிறகு ஒன்றும் கலக்காத என் பானத்தை விட்டாள். மூணே முக்கால் நிமிடத்தில் ஒன்றுமே இல்லை. சுத்த வெளி.

அப்போதுதான் மதுஷிகா கதிரையில் சாய்ந்தாள். "இல்லீங்க ஹாஜியார். ஒங்க பானத்துல அது இல்ல" என்றாள். நான் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். தூசி அதிகம் அந்த இடத்தில்.

அன்றைக்கே திருத்த அறிக்கை எழுதினாள். முதல் அறிக்கை ஏன் வாபஸ் என்ற இடத்தில் "நேரத்தை மட்டும் வைத்து அடையாளம் கண்டது சோதித்தவரின் பிழை" என்று தன் பெயரையும் போட்டாள். படிவத்தில் கடுக்காயை மறைத்தவன் நான். அதை அவள் எழுதவில்லை. "வாடிக்கையாளர் பின்னர் தந்த தகவலின்படி" என்று மட்டும் இருந்தது. நடராஜா வாசித்துவிட்டு, "ஒன்னோட பேர எடுத்துட்டு ஆய்வுகூடத்தின் பிழைன்னு போடலாமே" என்றார்.

"ஆய்வுகூடம் மெசின்ல உக்காரல்லியே சேர்."

அவர் கையெழுத்து வைத்தார்.

பதினோராம் நாள் சசிக்குமார் வந்து டேப்பை வெட்டினார். ஆனால் பெட்டியை வெளியே எடுக்க விடவில்லை. லேபலில் கடுக்காய் என்று மூன்று மொழியிலும் ஏறினால்தான் விற்கலாம் என்றார். "ஹரி, அப்பிடியே செய்றேன்" என்றேன். புது லேபல் அடித்து, பதினெட்டுப் பேரும் நானும் றஸ்மியாவும் உட்கார்ந்து மூன்று நாள் ஒட்டினோம். ஸுஹைல் ஒரு லேபலை வாசித்துவிட்டு என்னைப் பார்த்தான். "வாப்பா, முப்பத்தஞ்சு வருஷமா இதத்தானா விடிய விடிய அவிச்சீங்க? நான் வேற என்னமோன்னு நினைச்சேன்" என்றான். என்ன நினைத்தான் என்று நான் கேட்கவில்லை. மாதம் முடியும் முன் கண்டிக்காரர்கள் நாற்பது கடைக்கும் எடுத்தார்கள்.

ஆய்வுகூடத்துக்கு ஒரு பெட்டி பானம் அனுப்பினேன். அதே லொறியில் திரும்பி வந்தது. வாடிக்கையாளரிடம் ஒன்றும் வாங்கக் கூடாதாம். "மன்னிச்சிருங்க ஹாஜியார், கடையில வாங்கிக் குடிக்கிறேன்" என்று ஒரு துண்டு. சரி, இந்த எழுத்தை அவளால் திருப்பி அனுப்ப முடியாது.

மதிப்பீட்டாளர்கள் வந்த நாளில் நடந்ததை நடராஜாவே எனக்குச் சொன்னார். இரண்டு பேர். பைலைப் புரட்டி, நேராக அந்த வாபஸ் அறிக்கையில் கை வைத்தார்களாம். நடராஜாவுக்கு வேர்த்துவிட்டது. "இந்தப் பிழையைச் செய்தது யார்?" "நான்" என்றாள் மதுஷிகா. "பிடித்தது யார்?" "அதுவும் நான்தான்." எப்படிப் பிடித்தாய் என்று கேட்டார்கள். யட்டவத்தை நெல்லியிலிருந்து இரண்டு துளி வரை சொன்னாள். ஒரு மணித்தியாலம் கேட்டுக்கொண்டிருந்தார்களாம். போகும்போது நெல்லி, கடுக்காய் கலந்த பானங்களுக்கு இந்தப் புது முறையை எழுத்தில் வைக்கச் சொல்லிவிட்டுப் போனார்கள். அன்றைக்கு அவளுடைய விண்ணப்பத்தைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. ஆறு கிழமை, ஒன்றரை மாதம், கடிதம் இல்லை. அந்த ஆறு கிழமையும் நான் தினமும் நடராஜாவுக்கு ஃபோன் எடுத்தேன். கடைசியில் என் நம்பரைக் கண்டாலே, "இன்னும் இல்லீங்க ஹாஜியார்" என்று சொல்லிவிட்டு வைத்துவிடுவார்.

ஏழாம் கிழமை, ஒரு புதன்கிழமை, அவரே எடுத்தார். கடிதம் வந்துவிட்டது. கையொப்பமிடும் அதிகாரிகளின் பட்டியலில் இரண்டாவது பெயர் மதுஷிகா. சூசையம்மா அன்றைக்கு அரைநாள் லீவு போட்டு, கொழுந்து பறித்த கறை கையோடு எல்கடுவையிலிருந்து பஸ் ஏறி வந்து, மகளின் மேசையை ஒரு தடவை பார்த்துவிட்டு அடுத்த பஸ்ஸில் திரும்பிப் போனாராம்.

என் அடுத்த தொகுதிப் பானம் சோதனைக்குப் போயிருந்தது. வியாழக்கிழமை காலை நானே ஆய்வுகூடத்துக்குப் போனேன். அவள் முதல் கையெழுத்து வைக்கிற தாள் என்னுடையதாக இருக்கும் என்று வழியெல்லாம் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டே போனேன். போனால், மேசையில் ஒரு அறிக்கை ஏற்கெனவே கையெழுத்தோடு கிடந்தது. எட்டிப் பார்த்தேன். யஹ்யாவின் ஒரேஞ்சுப் பானம்!

"என்ன புள்ள இது? எண்டத வச்சிட்டு அவன்டத மொதல்ல போட்டீக்கிறா? ஒரு மணித்தியாலம் பொறுத்திருக்கக் கூடாதா?"

மதுஷிகா தலையைத் தூக்கவில்லை. பேனையைப் பிடித்தபடி என்னுடைய தாளை ஆறுதலாக, அவசரமில்லாமல், ஒவ்வொரு வரியாக வாசித்துக்கொண்டிருந்தாள்.

"வரிசையில அவருதாங்க முன்னுக்கு, ஹாஜியார்" என்றாள். "இருங்க. அடுத்தது நீங்க."

இருந்தேன்.